சிறார்க்குரிய நீதி

தொல்காப்பியனார் மரபியலைத் தொடங்குமிடத்து இளமைப் பெயர்களையே முதற்கண் வைத்தார். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதும் ஆண்டு எண்ணப்படுகின்றன. இவற்றுள் குழவி, மகவு என்னும் இரண்டே மக்களுக்கு உரியன என்பதும், நாய், பன்றி, புலி, முயல் என்னும் நான்கன் இளமைக்கும் குருளை என்னும் பெயர் பொதுவாக வழங்கும் என்பதும் அவர் கூற்று. புலியும் முயலும் தம் வாழ்க்கையில் எத்துணை வேறுபட்டனவாயினும் இளமையில் ஒரே பெயரைத் தாங்குகின்றன. கொடிய விலங்கின் ஈற்று என்பதற்காகப் புலியின் இளமைக்கு அப்பெயரை நம் முன்னோர் மறுத்திலர். இளமை என்பது நற்குணத்தால் ஈட்டப்படும் பரிசன்று, பருவத்தால் அமையும் நிலை என்பதே அவர் கொண்ட முடிபு போலும்.

மக்களிடத்தில் இம்முடிபை நாம் பின்பற்றுகின்றோமா? ஒழுங்காகப் பள்ளி செல்லுங்காறும் ஒருவனைப் பிள்ளை என்கின்றோம். கடைவீதியில் அவன் ஒரு கைப்பேசியைத் திருடினான் என்று கேட்ட மாத்திரத்தில் அப்பெயரைப் பறித்துக்கொண்டு, திருடன், போக்கிரி, குற்றவாளி என்னும் பெயர்களைச் சூட்டுகின்றோம். சட்டமோ அவனைச் 'சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்' என்றே அழைக்கின்றது. இத்தொடரை இலக்கணம் பயிலும் மாணாக்கர் நோக்கில் ஆராய்ந்தால் ஓர் உண்மை புலனாகும். 'முரண்பட்ட' என்பது அடை. 'சிறார்' என்பது பெயர். அடை வரும், போம், பெயர் நிற்கும். சிறார்க்குரிய நீதி என்பது இவ்வடையைப் பெயரின் இடத்தில் ஏற்றாமையே என்பது எம் துணிபு. இதனை இயன்றவரை விளக்குதற்கே இக்கட்டுரை எழுந்தது.

சிறாரை வேறாக வைத்து விசாரித்தல் வேண்டும் என்னும் கொள்கை ஒரே நாளில் தோன்றியதன்று. 1850-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 10 முதல் 18 வயது வரையிலுள்ள ஆதரவற்ற சிறாரையும் சிறு குற்றம் புரிந்த சிறாரையும் ஏதேனும் ஒரு கைத்தொழிலில் அமர்த்த வழி செய்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 7 வயது நிரம்பாத குழந்தையின் செயல் எதுவும் குற்றமாகாது என்றும், 7 முதல் 12 வயது வரை அக்குழந்தையின் அறிவு முதிர்ச்சியை நோக்குதல் வேண்டும் என்றும் விதித்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் அதன் இடத்தில் வழங்கும் பாரதீய நியாய சன்ஹிதாவும் இவ்விரு விதிகளையும் கைவிடவில்லை. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1899-ஆம் ஆண்டில் சிறார்க்கென்றே தனி நீதிமன்றம் ஒன்று ஏற்பட்டது. உலகம் அதனை நோக்கிற்று.

நம் நாட்டில் 1919-20-ஆம் ஆண்டுகளில் சிறைகளை ஆராய்ந்த குழுவினர், சிறாரை முதிர்ந்த குற்றவாளிகளோடு ஒருங்கே அடைத்தல் தகாது எனவும், அவர்க்கெனத் தனி மன்றங்கள் வேண்டும் எனவும் பரிந்துரைத்தனர். அக்கருத்தைச் சட்டமாக்கி இந்தியாவிலேயே முதன்முதல் நின்றது நம் சென்னை மாகாணம். 1920-ஆம் ஆண்டின் சென்னைச் சிறார் சட்டமே அது. வங்காளம் 1922-ஆம் ஆண்டிலும் பம்பாய் 1924-ஆம் ஆண்டிலும் அதனைப் பின்தொடர்ந்தன. கல்லூரிகளும் பள்ளிகளும் இம்மாகாணத்தில் முற்படத் தழைத்தமையைப் பெருமையோடு பேசும் நாம், இச்செய்தியையும் நினைவிற் கொள்ளுதல் தகும்.

எனினும், சட்டம் எழுந்தமையாலேயே சிறைக்கதவு திறந்துவிடவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பின்னரும் இந்நாட்டின் சிறைகளில் சிறார் பலர் முதிர்ந்தோர் இடையே கிடந்தனர். ஷீலா பார்சே என்னும் பத்திரிகையாளர் இதனை உச்ச நீதிமன்றத்தின் முன் கொணர்ந்தார். 1986-ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் சிறார் சிறைகளில் வைக்கப்படலாகாது என்பதை வலியுறுத்தி, மாவட்ட நீதிபதிகள் நேரிற் சென்று பார்த்து அறிக்கை தருமாறு பணித்தது. அவ்வாண்டிலேயே நாடு முழுமைக்கும் பொதுவான இளைஞர் நீதிச் சட்டம் நிறைவேறிற்று. அதன்கண் ஆண்பிள்ளைக்கு 16, பெண்பிள்ளைக்கு 18 என வயதெல்லை வேறுபட்டிருந்தது. 1989-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992-ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. அதற்கிணங்க 2000-ஆம் ஆண்டின் சட்டம் இருபாலார்க்கும் 18 என ஒரே எல்லையை வகுத்தது.

நிற்க. தனி மன்றம் ஒன்று அமைத்து, அதில் இரக்கமுள்ள ஒருவரை அமர்த்திவிட்டால் நீதி தானே விளையும் என்று எண்ணுதல் கூடாது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 1964-ஆம் ஆண்டில் நிகழ்ந்ததொன்று இதற்குச் சான்றாகும். அண்டை வீட்டுப் பெண்ணொருத்தியிடம் தொலைபேசியில் தகாத சொற்களைப் பேசினான் என்று 15 வயதுச் சிறுவன் ஒருவன் பிடிக்கப்பட்டான். பெற்றோர்க்கு முறைப்படி அறிவிப்பில்லை, வழக்கறிஞர் இல்லை, குற்றஞ்சாட்டிய பெண் மன்றத்துக்கு வரவேயில்லை, விசாரணை எழுத்தில் பதியப்படவுமில்லை. அவனுக்கு 21 வயது நிரம்புங்காறும் சீர்திருத்தப் பள்ளியில் வைக்குமாறு தீர்ப்பாயிற்று. அதே குற்றத்தை வளர்ந்த ஒருவர் செய்திருப்பின் 50 டாலர் அபராதம், அன்றேல் இரண்டு மாதச் சிறை. அதற்கு மேல் இல்லை. அவன் நன்மைக்கே என்று கூறி அவன் வாழ்நாளில் ஆறாண்டுகளைக் கவர்ந்துகொள்ள அம்மன்றம் துணிந்தது. 1967-ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பைத் தள்ளி, சிறுவனுக்கும் அறிவிப்புப் பெறவும், வழக்கறிஞரைக் கொள்ளவும், சாட்சியை வினாவவும், வாய்வாளாதிருக்கவும் உரிமை உண்டென்று நிலைநாட்டிற்று. இதனால் அறியக்கிடப்பது யாது? சிறாரிடத்து அருள் மாத்திரம் போதாது, முறையும் வேண்டும். முறையற்ற அருள் கொடுமையாக முடிதலும் உண்டு.

இனி, நம் நாட்டில் இன்று வழங்கும் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தை நோக்குவாம். இதன் பல விதிகள் போற்றற்குரியன. சிறார் எவரையும் காவல் நிலையச் சிறையறையிலோ சிறைச்சாலையிலோ வைத்தல் கூடாது. பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்துதல் வேண்டும். அக்குழுமத்தில் நடுவர் ஒருவரோடு சமூகப் பணியாளர் இருவர் அமர்வர்; அவ்விருவருள் ஒருவரேனும் பெண்ணாயிருத்தல் வேண்டும். குழுமத்தார் உயர்ந்த மேடைமீது அமர்தல் ஆகாது. அவர்க்கும் பிள்ளைக்கும் இடையே கூண்டும் கம்பியும் இருத்தல் ஆகாது என்று 2016-ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் கூறுகின்றன. ஜாமீனில் விடுதலே பொதுவிதி, மறுத்தல் சிறப்புவிதி. விசாரணை நான்கு திங்களில் முடிதல் வேண்டும். இன்றியமையாவிடின் மேலும் இரண்டு திங்கள் நீட்டிக்கலாம். சிறு குற்றமாயின் அதற்குள்ளும் முடியாத வழக்கு அவ்வளவில் அற்றுப்போம். குற்றம் புரிந்தமை தெளிவாயினும், அறிவுரை கூறி விடுத்தல், சமூகத் தொண்டு செய்வித்தல், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தல் முதலாகப் பல வழிகள் உள. சிறப்பு இல்லத்தில் வைப்பதாயின் மூன்றாண்டுக்கு மேற்படாது. பிள்ளையின் பெயரையும் படத்தையும் வெளியிடுதல் குற்றம். குறித்த காலம் கழிந்தபின் வழக்கின் ஏடுகளையே அழித்துவிடுமாறு சட்டம் பணிக்கின்றது. அடை நீங்கிப் பெயர் நிற்றற்கு இதனினும் சிறந்த ஏற்பாடு யாது?

ஏட்டில் உள்ளது நாட்டில் எவ்வாறு உள்ளது என்பதே அடுத்த வினா. சென்ற கல்வியாண்டில் நம் கல்லூரிச் சமூக சேவைக் கழகத்தார் சிலர், உரியவரிடம் இசைவு பெற்று, கூர்நோக்கு இல்லம் ஒன்றுக்குச் சனிக்கிழமைதோறும் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லிக்கொடுத்தனர். அவருள் யாமும் ஒருவரானோம். யார் என்ன செய்து வந்தார் என்று வினவலாகாது என்பது எமக்கு இடப்பட்ட முதற் கட்டளை. அதனால் அவர்களைக் குற்றத்தால் அறியாமல் கையெழுத்தால் அறிந்தோம். ஒருவன் ழகரத்தைத் திருத்தமாக எழுதுவான். ஒருவன் ஒற்றெழுத்துகளை எல்லாம் விழுங்கிவிடுவான். ஒருவன் எத்தலைப்பைக் கொடுப்பினும் பந்தாட்டத்தைப் பற்றியே எழுதுவான்.

அவருள் பத்தாம் வகுப்புப் பயின்றுவந்த ஒருவன், ஒருநாள் யாம் விடைபெறும் வேளையில் பின்தொடர்ந்து வந்து, "அண்ணா, அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டதா?" என்று கேட்டான். முடிந்துவிட்டது என்றோம். "காலாண்டுக்கு முந்தின வாரம் வந்தேன்" என்று சொல்லி நின்றான். பிறகு, "திருப்புதல் தேர்வு எப்போது தொடங்கும்?" என்றான். அவனுக்கு ஜாமீன் கிடைப்பதற்குச் சட்டத்தில் தடை ஒன்றும் இல்லை என்பதைப் பின்னர் அறிந்தோம். அவனை ஏற்றுக்கொண்டு கையொப்பமிட வருவோர் இல்லாமையே தடை. தாய் இல்லை, தந்தை வேற்றூரில் கூலிவேலை, பாட்டி ஒருத்தி நடக்கமாட்டாதவள். இத்தகைய வழக்கில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அன்று மாலையே வீடு சேர்தலும், ஏழைப் பிள்ளை திங்கட்கணக்கில் இருத்தலும் கூடும். சட்டம் இருவர்க்கும் ஒன்றே. வாயிலில் வந்து நிற்கும் ஆள் ஒன்றன்று.

இங்கே காலத்தைப் பற்றி ஒன்று சொல்லல் வேண்டும். நாற்பது வயதினர்க்கு நான்கு திங்கள் என்பது நான்கு முறை ஊதியம் வாங்கும் காலம். பதினைந்து வயதினனுக்கோ அது காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, தோழர், குரல் உடையும் பருவம், முகத்தில் மீசை அரும்பும் பருவம் எல்லாம் அடங்கிய ஒரு பெருங்காலம். முதிர்ந்தோர் நாழிகையைக் கொண்டு பிள்ளையின் நாளை அளத்தல் தகாது. வழக்கொன்றை அடுத்த திங்களுக்குத் தள்ளிவைப்பவர் ஏட்டில் ஒரு வரி எழுதுகின்றார். அவ்வரியால் ஒரு பிள்ளையின் பள்ளியாண்டு கழிந்துவிடுகின்றது. அச்சிறுவன் கேட்டது விடுதலையைப் பற்றியன்று, தேர்வைப் பற்றி. அவன் உள்ளத்தில் அவன் இன்னும் பத்தாம் வகுப்பு மாணாக்கனாகவே இருந்தான். அப்பெயரை அவன் விட்டானல்லன். நாமே விடுவிக்கப் பார்க்கின்றோம்.

காலதாமதத்தினும் கொடியது இல்லங்களின் உள்ளே நேரும் வன்முறை. 2022-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் இறுதியில், செங்கற்பட்டில் உள்ள அரசு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அவனை அடித்தமை பற்றி இல்லப் பணியாளர் சிலர் கைதாயினர். செங்கற்பட்டு எத்தகைய ஊர் என்பதை நினைக்குங்கால் உள்ளம் பின்னும் வருந்துகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சிறார்க்கெனச் சீர்திருத்தப் பள்ளி அமைந்த ஊர் அது. இதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி திரு. கே. சந்துரு அவர்களைத் தமிழக அரசு ஒருநபர் குழுவாக அமைத்தது. அவர் இல்லங்களை நேரிற் கண்டு 2023-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். நூறாண்டுக்கு முன் சட்டத்தில் முற்பட்டுநின்ற நாடு, இல்லத்தின் நான்கு சுவர்க்குள் என்ன நிகழ்கின்றது என்பதை இனியேனும் இடைவிடாது நோக்குதல் வேண்டும். கூர்நோக்கு இல்லம் என்னும் பெயரில் உள்ள கூர்நோக்கு, பிள்ளைகளை நோக்குதற்கு மாத்திரம் உரியதன்று. அவரைக் காப்போரை நோக்குதற்கும் உரியது.

இனி, 2015-ஆம் ஆண்டின் சட்டம் புகுத்திய ஒரு மாற்றத்தை ஆராய்வாம். 2012-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தில்லி மாநகரில் ஓர் இளம்பெண்ணுக்கு இழைக்கப்பட்ட கொடுமை நாட்டை உலுக்கிற்று. அதில் ஈடுபட்டோருள் ஒருவன் 18 வயது நிரம்பாதவன். சட்டப்படி அவனுக்கு மூன்றாண்டே விதிக்கப்பட்டது. மக்கள் வெகுண்டனர், வெகுளியும் இயல்பே. எனினும், 2013-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அறிக்கை தந்த நீதிபதி வர்மா குழுவினர் வயதெல்லையைக் குறைக்க இசையவில்லை. அவ்வாண்டு ஜூலைத் திங்களில் உச்ச நீதிமன்றமும் எல்லையைக் குறைக்க வேண்டிய வழக்குகளைத் தள்ளிற்று. இருந்தும், 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய புதிய சட்டம், 16 வயது நிரம்பியவன் கொடுங்குற்றம் புரிந்ததாகச் சாட்டப்படின், குழுமத்தார் அவனுடைய மன ஆற்றல், உடலாற்றல், விளைவை உணரும் திறன் முதலியவற்றை முதற்கண் மதிப்பிட்டு, அவனை வளர்ந்தவன்போல் விசாரிக்க அனுப்பலாம் என்று வகுத்தது. அவ்வாறு விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியெனக் காணப்பட்டவனுக்கு ஏடு அழியும் சலுகையும் இல்லை. 21 வயதுக்குப் பின் அவன் சிறைக்குச் செல்லவும் கூடும்.

இம்மாற்றத்தில் எமக்குத் தோன்றும் குறை இரண்டு. ஒன்று: குற்றம் செய்தானா என்பது துணியப்படுமுன்னரே, செய்தற்குரிய ஆற்றல் அவனுக்கு இருந்ததா என்று ஆராய்தல் முறைமாறிய செயலாகும். இச்சட்டத்தின் முதற் கோட்பாடே பிள்ளையைக் குற்றமற்றவன் எனக் கொண்டு தொடங்குதல் அன்றோ? மற்றொன்று: பல திங்கட்கு முன் நிகழ்ந்த செயலின்போது ஒருவன் உள்ளம் எத்துணை முதிர்ந்திருந்தது என்பதைச் சில மணி நேர உரையாடலால் அளக்கும் கோல் ஒருவரிடத்தும் இல்லை. 2022-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றமே இம்மதிப்பீடு நுட்பமான பணி என்று கூறி, குழுமத்தில் உளநூல் வல்லார் இல்லாவிடின் அத்தகையோர் துணையைக் கொள்ளவே வேண்டும் என்று உரைத்தது. உண்மையில் இங்கே அளக்கப்படுவது பிள்ளையின் முதிர்ச்சியன்று, குற்றத்தின் கொடுமை. அடை மிகக் கொடியதாயின் பெயரையே மாற்றிவிடலாம் என்பதே இதன் உட்கருத்து. புலியின் ஈற்றாதலால் குருளை என்னோம் என்பது போல்வது இது.

வன்மையால் நன்மையேனும் விளையுமோ எனின், அதற்கும் சான்றில்லை. அமெரிக்க மாநிலங்கள் பல, சென்ற நூற்றாண்டின் இறுதியில் சிறாரை வளர்ந்தோர் மன்றங்களுக்கு மிகுதியாக அனுப்பின. அவற்றின் விளைவை ஆராய்ந்த அந்நாட்டு நிபுணர் குழு ஒன்று 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு யாதெனின், அவ்வாறு அனுப்பப்பட்டோர், சிறார் மன்றத்திலேயே விசாரிக்கப்பட்டோரினும் மிகுதியாக மீண்டும் வன்குற்றத்தில் வீழ்ந்தனர் என்பதே. நம் நாட்டிலோ சிறார் குற்றம் வெள்ளமெனப் பெருகிவிட்டது என்னும் பேச்சுக்கும் போதிய ஆதாரம் இல்லை. தேசியக் குற்றப் பதிவேட்டு நிறுவனத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் பதிவான வழக்குகள் 58 இலட்சத்துக்கு மேற்பட்டன. அவற்றுள் சிறார்மீது பதிவானவை 30,555. நூற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இவ்வளவும் எழுதியபின், ஒருவர் கேட்ட வினாவை மறைத்துச் செல்லுதல் நேர்மையாகாது. எம் அத்தையார் சில ஆண்டுகளுக்கு முன் மாலை ஆராதனை முடிந்து தனியே வீடு திரும்புகையில், பின்னே வந்த இருவர் அவர் கழுத்துச் சங்கிலியைப் பறித்து ஓடினர். அவர் கீழே வீழ்ந்து மணிக்கட்டு முறிந்தது. இன்றும் அக்கையால் அவர் குடம் தூக்கமாட்டார். பிடிபட்டோருள் ஒருவனுக்கு வயது 17. கூர்நோக்கு இல்லத்துக்கு யாம் சென்றுவருவதை அறிந்த அவர், "தம்பி, அவன் பிள்ளை என்பதனால் என் கை பாதிதான் முறிந்ததா?" என்று கேட்டார். யாம் உடனே விடை கூறவில்லை. விடை கூறுதற்கு எளிய வினாவும் அன்று அது.

பின்னொருநாள் அவரோடு அமர்ந்து பேசியபொழுது, அவர் மனக்குறை யாது என்று வினவினோம். அவன் இன்னும் பல ஆண்டு அடைபட வேண்டுமென்று அவர் கூறவில்லை. "என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று யாரும் வந்து சொல்லவுமில்லை. நான் எப்படி விழுந்தேன், எத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன் என்பது அந்தப் பையனுக்குத் தெரியுமா?" என்பதே அவர் கேட்டது. அவனைக் காணவும் தாம் விரும்பவில்லை என்று அவர் முடித்தார். அவ்விருப்பத்தைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை. ஆனால், அவர் சொற்களிலிருந்து யாம் கற்றது ஒன்று உண்டு. பிள்ளைக்குச் செய்யும் நீதி, புண்பட்டோரிடமிருந்து கவர்ந்து கொடுப்பதன்று. ஏட்டை மூடிப் பெயரை மறைத்தலோடு நின்றுவிட்டால் இருவர்க்கும் நீதி இல்லை. முறிந்த கையின் செய்தி அப்பிள்ளையின் செவிக்கு எட்டுதல் வேண்டும். வழக்கின் முடிவு அவ்வம்மையாரின் செவிக்கு எட்டுதல் வேண்டும்.

பிள்ளைத்தமிழ் பயின்றோர் ஆண்பாற்குரிய சிற்றிற் பருவத்தை அறிவர். சிறுமியர் மணலால் சிறுவீடு கட்டி விளையாடுகின்றனர். ஆண்பிள்ளை வந்து காலால் அதனைச் சிதைக்கின்றான். அவர்கள் அவனைப் பார்த்து, எம் சிற்றிலைச் சிதையேல் என்று வேண்டுகின்றனர். இங்கே இரண்டு செய்திகள் ஒருங்கே நிற்கின்றன. கட்டிய வீடு தம்முடையது, அதனைச் சிதைத்தல் தீது என்பதைச் சிறுமியர் விட்டுக்கொடுக்கவில்லை; சிதைப்பவன் பிள்ளை என்பதையும் அவர்கள் மறக்கவில்லை. மணல்வீடும் மணிக்கட்டும் ஒன்றல்ல என்பதை யாம் அறிவோம். எனினும், இவ்விரண்டையும் ஒருங்கே நெஞ்சில் நிறுத்துதல் இயலும் என்பதற்கு அப்பருவமும் ஒரு சான்றாகும்.

கிறிஸ்தவ மாணாக்கர்க்கு மற்றொரு நினைவும் எழும். யார் பெரியவன் என்று சீடர்கள் தம்முள் வாதிட்டபோது, இயேசு பெருமான் ஒரு சிறுபிள்ளையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார் என்று மாற்கு எழுதுகின்றார். அப்பிள்ளை நற்பிள்ளை என்றோ, ஆலயத்தில் அமைதியாய் இருந்த பிள்ளை என்றோ நற்செய்தியாளர் கூறவில்லை. பிள்ளை என்பதே போதியதாயிற்று. பழைய ஏற்பாட்டில் உபாகமத்தின் இருபத்தோராம் அதிகாரத்தில், பெற்றோர்க்கு அடங்காத மகனை ஊர்ப்பெரியோர் முன் கொணர்ந்து கல்லெறிந்து கொல்லும் கடுமையான விதி ஒன்று உண்டு. யூத அறிஞர் இவ்விதியை ஆராய்ந்த திறம் வியக்கத்தக்கது. அவர்கள் அதனை நீக்கவில்லை. ஆனால் அதற்கு நிபந்தனை மேல் நிபந்தனையாக அடுக்கினர். அவ்விதி பொருந்தும் பருவம் மூன்று திங்களே என்றனர். தாய் தந்தை இருவரும் இசைதல் வேண்டும் என்றனர். இருவர் குரலும் ஒத்திருத்தல் வேண்டும் என்றும் ஒருவர் உரைத்தார். அத்தகைய மகன் ஒருவனும் இருந்ததில்லை, இருக்கப்போவதும் இல்லை என்று முடித்தோரும் அவருள் உளர். வேதத்தைத் தலைமேற் கொண்டு வாழ்ந்த அப்பெரியோர்க்கு, பிள்ளையின்மேல் கல்லெறிய ஒரு வழியும் தென்படவில்லை என்க.

ஆயின் செய்யற்பாலன யாவை? பெரியன சிலவும் சிறியன சிலவும் உள. பதினாறு வயதினரை மதிப்பிட்டு வளர்ந்தோர் மன்றத்துக்கு அனுப்பும் விதியை நாடாளுமன்றம் மீண்டும் ஆராய்ந்து நீக்குதல் நன்று. அதுகாறும், உளநூல் வல்லார் துணையின்றி எக்குழுமமும் அம்மதிப்பீட்டைச் செய்தல் கூடாது. காவல் நிலையந்தோறும் இருக்கவேண்டிய சிறார் நல அலுவலர் யாவர் என்பது அவ்வூரார் அனைவர்க்கும் தெரிந்திருத்தல் வேண்டும். ஏற்றுக்கொள்வார் இல்லாத பிள்ளைக்கு, நன்னடத்தை அலுவலர் உற்றாரைத் தேடிச் சென்றேனும், தகுதியுள்ள பிறரை நாடியேனும் வழி காணுதல் வேண்டும். வறுமை ஜாமீனுக்குத் தடையாதல் ஆகாது. இல்லங்களில் பள்ளிப் பாடம் ஒருநாளும் தடைப்படாதிருத்தல் வேண்டும். தேர்வு எழுதும் நாளில் பிள்ளை தேர்வறையில் இருத்தல் வேண்டும். வெளியார் சென்றுவருதல் மிகுதல் வேண்டும். பலர் கண்படும் இடத்தில் கை ஓங்குதல் குறையும். புண்பட்டோர்க்கு வழக்கின் நிலையை அறிவித்தற்கு ஒருவர் பொறுப்பாதல் வேண்டும்.

இவற்றுள் பல அரசினர் கையில் உள்ளன. எனினும், நம் கையில் உள்ளதும் ஒன்று உண்டு. இவ்விதழைப் படிக்கும் மாணாக்கருள் பலர் நாளை ஆசிரியராவர். பழைய மாணவருள் பலர் இன்று தலைமையாசிரியராகவும் பள்ளித் தாளாளராகவும் விளங்குகின்றனர். சட்டம் வழக்கேட்டை அழித்துவிடலாம். பள்ளியின் வாயிலில் நிற்பவர் நினைவை அது அழிக்கமாட்டாது. சில திங்கள் காணாமற்போன பிள்ளை ஒருவன், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, பழைய புத்தகப்பையோடு ஒரு காலைப்பொழுதில் அலுவலகத்தின் முன் வந்து நிற்பான். அவனைச் சேர்ப்பதா வேண்டாவா என்பது அந்நேரத்தில் ஒருவர் தீர்மானிப்பதாகும். உச்ச நீதிமன்றம் அங்கே வாராது, குழுமத்தாரும் வாரார். இத்தனை நாள் எங்கிருந்தாய் என்று கேட்பவரும் உளர். எந்த வகுப்பு என்று கேட்பவரும் உளர். இரண்டாவது வினாவைக் கேட்பவரே 1920-ஆம் ஆண்டில் இம்மாகாணம் தொடங்கிய பணியை முடித்துவைப்பவர் ஆவர்.